சேறு தின்ற சத்தம்

கன்னியப்பா,

கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. உன்னைப் பார்க்க எத்தனையோ தடவை நெட்டுக்குப்பம் வந்துவிட்டேன். கரையில் என் தலையைக் கண்டதும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறாய். இந்த வயதில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மீன் காயப்போடுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். நீ திரும்பவில்லை. போன வாரம் உன் தோஸ்து பாளையம் நம் கல்மண்டபத்து வீட்டுக்கு வந்தான். உன் அம்மா குழாயடிக்குப் போகிற வரைக்கும் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் போனதும் விஷயத்தைச் சொன்னான். ஆவணி பிறந்ததும் காண்ட்ராக்டர் மிச்சக் கப்பலை வெடி வைத்துப் பிளக்கப் போகிறான். அந்த நேரத்தில், உன் அண்ணன் தேசப்பன் செத்த இடத்தில், நீ தண்ணீருக்குள் இருக்கப் போகிறாயாம். "அவன் காதுல இன்னா கேட்டான்னு நானும் கேக்கணும்" என்றாயாம். பாளையம் அதைச் சொல்லிவிட்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. உன்னைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. பிறகு உன் காலில் விழ வேண்டும் போல இருந்தது. இரண்டுக்கும் நீ அகப்படவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தை மாதம் நடந்ததை மறுபடி சொல்ல எனக்கு நெஞ்சில் தெம்பில்லை. ஆனால் நீ அதை உன் மண்டைக்குள் வைத்து உருட்டி உருட்டி வேறு ஒன்றாக ஆக்கிவிட்டாய், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். உலகச் சண்டைக் காலத்தில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே முழுகிப்போன இரும்புக் கப்பல் அது. காண்ட்ராக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துத் தகடு தகடாக எடுத்துக்கொண்டிருந்தான். கப்பலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு படகு. அதில் மேஸ்திரியும் நீயும். கூப்பிடு தூரத்தையெல்லாம் தாண்டி இன்னொரு படகு. முந்தின வெடிகளில் சிதறிய தகடுகளை முழுகிக் கயிறு கட்டுகிறவர்கள் அதில் இருந்தார்கள். அன்றைக்கு இரண்டு பேர், உன் அண்ணனும் இன்னொருவனும். வெடிப்பதற்கு முன்னால் உன் படகிலிருந்து பாதி தண்ணீரில் தொங்குகிற தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். விட்டு விட்டு மூன்று தடவை அடித்தால், எவன் கீழே இருந்தாலும் ஏதாவது ஒரு தடவை அவன் காதில் விழும், மேலே வந்து படகில் ஏறிவிடுவான். படகில் இருக்கிறவனை வெடி ஒன்றும் செய்யாது. தண்ணீரில் இருக்கிறவனைத்தான் கொல்லும். நீ அடித்தாய். மூன்று தடவையும் அடித்தாய். அந்த இன்னொருவன் அப்போது படகில் ஏறி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்க வழியில்லை. எதிர் வெயிலில் மேஸ்திரி கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "ஏறிட்டானுங்க" என்று சொல்லிவிட்டு வெடியைப் போட்டான். உன் அண்ணன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. காதிலும் மூக்கிலும் மட்டும் ரத்தம்.

சிவப்புக் கொடி ஏன் இல்லை என்று இன்றைக்கு எல்லோரும் கேட்கிறார்கள். கொடி இருந்தது. துறைமுகத்து அலைத்தடுப்பு ஓரம் முதல் வேலை நடந்தபோது கொடியையும் தூக்கினார்கள், தண்டவாளத்தையும் அடித்தார்கள். அங்கே தண்டவாளச் சத்தம் பல் கூசுகிற மாதிரி கேட்டது. எவ்வளவு தள்ளி முழுகினாலும் கேட்டது. பிறகு கொடியை யார் மதிப்பார்கள்? எண்ணூருக்கு வேலை மாறினபோது, படகில் இடத்தை அடைக்கிறது என்று கொடிக்கம்பைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்தீர்கள். அதற்கு முதல் ஆளாகத் தலையாட்டியவன் தேசப்பன்தான். நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், உனக்கு ஞாபகம் இருக்கும். "கொடி இன்னாத்துக்கு நைனா? அத்தப் பாக்கணும்னா மேல வர்ணும். தண்டவாளம் காதுக்குள்ளயே வந்து கூப்புடுது." நான் சிரித்தேன். வேலைக்கு முன்னால் அந்தக் கப்பலைச் சுற்றி ஆழம் பார்த்துக் கொடுத்தவன் நான். துறைமுக சர்வே படகில் ஆழக்கயிறு போட்டே கிழவனானவன். அடியில் சேறு என்று மேஸ்திரியிடம் வாயால் சொல்லவும் சொன்னேன். சேறு என்றால் நங்கூரம் எப்படி நிற்கும் என்று மட்டும் கேட்டான். சத்தத்தைப் பற்றி அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, உலகத்தில் யாரும் யோசிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அந்த மேஸ்திரி வீட்டுக்கு வந்தான். ஆறுதல் சொல்ல வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம். "பையன் கொஞ்சம் மெதுவா அட்ச்சிட்டாம்பா. அவன் இன்னா பண்ணுவான், சின்ன வயசு" என்று உன்னை வைத்துக்கொண்டே சொன்னான். தன் கழுத்தில் விழ வேண்டியதை எவ்வளவு சாவகாசமாகக் கழற்றி உன் கழுத்தில் போட்டான் பார். அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளியிருக்க வேண்டும். துக்க வீடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அந்தப் பேச்சு உனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பிடவில்லை, பேசவில்லை. ஆனி மாதம் பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நெட்டுக்குப்பம் போய்விட்டாய். பாளையத்தை அடிக்கச் சொல்லிவிட்டு நீ முழுகுகிறாய். கிட்டே முழுகினாய், கேட்டது. தூரம் போனாய், கேட்டது. அன்றைக்கு இருந்த தூரத்துக்கு மேலேயே போனாய், அங்கேயும் கேட்டது. மூக்கில் ரத்தம் வரவர முழுகுகிறாய் என்று குப்பத்து ஆட்கள் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரே ஒரு நாள் நீ என்னிடம் பேசினாய், அதுவும் சண்டைதான்.

"எனக்கு நல்லாக் கேக்குது நைனா. பாளையம் அட்ச்சா கேக்குது. நான் அட்ச்சது அவனுக்குக் கேக்கலன்னா இன்னா அர்த்தம்? நான் ஒயுங்கா அடிக்கல."

"டேய், அன்னிக்கு அடியில சேறுடா."

"இன்னிக்கும் அதே எடந்தான் நைனா. கடல இன்னா தூக்கிகினு போயிட்டாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாய். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன், நின்று கேள். ஆமாம், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆழம் பார்க்கிற ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் கொழுப்பை அப்பிக் கீழே விட்டால் தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு மேலே வரும், நீயே சின்ன வயதில் அதை நோண்டி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். மார்கழியில் நான் போட்டபோது அந்த இடத்தில் குண்டு கருஞ்சேற்றோடு வந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறு ஊரிலுள்ள கலீஜையெல்லாம் வாரிக்கொண்டு வந்து முகத்துவாரத்துக்கு வெளியே கொட்டியிருந்தது. மூக்கில் வைக்க முடியாத நாற்றம், கையில் பிடித்தால் குமிழி குமிழியாக விட்டது. பிறகு தெற்கத்திக் காற்று கிளம்பியதும், வருஷா வருஷம் நடக்கிற மாதிரி, கரையோர மணல் வடக்கே நகர்ந்து அதை மூடிவிட்டது. இந்த ஆடியில் அதே இடத்தில் குண்டைப் போட்டேன். வெள்ளை மணல். நீ சோதித்துப் பார்க்கிற தரை உன் அண்ணன் நின்ற தரை இல்லை. நான் சொன்னால் நம்பமாட்டாய், அதனால் இதைச் சொல்கிறேன். அவனைக் குளிப்பாட்டும்போது உன் அம்மா அவன் கால் விரல் இடுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கறுப்பு போகவில்லை, நகத்துக்குள்ளேயெல்லாம் கறுப்பு. "இன்னாய்யா இது, என் புள்ள கால்ல இம்மாஞ் சேறு" என்று கேட்டுக்கொண்டே கழுவினாள். நீ தண்ணீரை விட்டு ஏறும்போது உன் காலைக் குனிந்து பார்.

தரையில் என்ன இருக்கிறது என்று சத்தத்துக்குக் கவலையா என்று கேட்பாய். ஆழம் குறைந்த கடலில் சத்தம் நேராக மட்டும் போய்ச் சேர்ந்துவிடாது. மேலே தண்ணீர்முகத்தில் முட்டும், கீழே தரையில் முட்டும், இப்படி முட்டி முட்டித்தான் தூரம் போகும். அடியில் கல்லோ கெட்டி மணலோ இருந்தால் வந்த சத்தத்தில் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடும். சேறாக இருந்தால் ஒவ்வொரு முட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளும். குமிழி விடுகிற சேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம், அந்தக் காற்றே சத்தத்தைக் குடித்துவிடும். பழைய வண்ணாரப்பேட்டையில் பஞ்சுக் கிடங்குக்குள் போயிருக்கிறாய். மூட்டை அடுக்கியிருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே மந்தமாகக் கேட்கும். மூட்டையெல்லாம் லாரி ஏறின பிறகு அதே கிடங்கில் ஒருவன் தும்மினால் கோடிச் சுவர் வரைக்கும் கேட்கும். ஆள் அதே ஆள்தான், தொண்டையும் அதே தொண்டைதான். இதையெல்லாம் நான் முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தேன் என்று பெருமை அடிக்கமாட்டேன். அவன் போன பிறகு, சோறு இறங்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து கண்டுபிடித்தது.

இன்னொரு கேள்வி உன் வாயில் இருக்கும், பாளையம் அதையும் சொன்னான். "சேறு தண்டவாளத்தத் தின்னுச்சுன்னா வெடிய ஏன் தின்னல?" நியாயமான கேள்வி, நானும் அதையே கேட்டுக்கொண்டேன். வெடியையும் தின்றுதான் இருக்கும், கன்னியப்பா. ஆனால் சம்மட்டி அடி எவ்வளவு, ஒரு இரும்புக் கப்பலைப் பிளக்கிற வெடி எவ்வளவு? சின்னது வழியிலேயே தீர்ந்துபோனது. பெரியது பாதி தீர்ந்தும் ஒரு மனுஷனைக் கொல்ல மிச்சம் இருந்தது. இதற்கு மேல் இதில் நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நீ எவ்வளவு ஓங்கி அடித்திருந்தாலும் அந்தச் சேற்றைத் தாண்டியிருக்காது, அதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

உனக்குப் பழவேற்காடு ஞாபகம் இருக்கிறதா? ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானபோது நாமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு உன் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். நீ சின்னப் பிள்ளை. கல்மண்டபத்தில் இருந்தபோது கல் போட்ட கரை ஓரம் நீங்கள் இரண்டு பேரும் ஒரு விளையாட்டு விளையாடுவீர்கள். ஒருவன் தண்ணீருக்குள் இரண்டு கல்லைத் தட்ட வேண்டும், இன்னொருவன் முழுகி எத்தனை தட்டு என்று சொல்ல வேண்டும். அதைப் பழவேற்காட்டு ஏரியிலும் விளையாடினீர்கள். கொஞ்ச நேரத்தில் நீ அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தாய். "நைனா, அவன் தட்டவே இல்ல, தட்டிட்டேன்னு பொய் சொல்றான்." தேசப்பன் தண்ணீரில் நின்றபடியே, "தட்டினேன் நைனா, சாமி சத்தியமா தட்டினேன்" என்றான். ஊரை விட்டு வந்த எரிச்சலில் இருந்தேன், சின்னவனை அழவிடுகிறானே என்று பெரியவனை முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை, கையிலிருந்த கல்லை ஏரியில் வீசிவிட்டுப் போய்விட்டான். அந்த ஏரி முழுக்க இடுப்பளவு தண்ணீர், அடியில் முழங்காலளவு சேறு. இப்போது சொல், அன்றைக்குப் பொய் சொன்னது யார்? உனக்குக் கேட்கவில்லை என்பதும் நிஜம். அவன் தட்டினான் என்பதும் நிஜம். அவனை அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. அதே தப்பை உனக்கும் நடக்கவிடுவேன் என்று எதிர்பார்க்காதே.

பழியை ஏற்றுக்கொள்வது பெரிய மனசு என்று நினைக்கிறாய். உன் விஷயத்தில் அது அப்படியில்லை. "என்னாலதான்" என்று சொல்லிவிட்டால் மனசுக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம். யாராலும் இல்லை, ஒரு அடி மண்ணால் போனான் என்றால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, வெறுங்கையோடு நிற்க வேண்டும். நானும் உன் அம்மாவும் அப்படித்தான் நிற்கிறோம். அவள் இன்னும் மூன்று பேருக்கு உலை வைக்கிறாள், வடித்த பிறகு உன் பங்கை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போடுகிறாள். "அவன் ஆத்தாளுக்கு மூஞ்சி காட்டக்கூடாதுன்னு நெனைக்கிறான்யா, நான் அவன இன்னா கேட்டேன்? ஒரு வார்த்த கேட்டனா?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறாள். நீ ஆவணியில் செய்யப் போவதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே விழுந்துவிடுவாள். நீ தண்டனை அனுபவிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், அனுபவிப்பது அவள். வாழ்க்கையில் உனக்கு நான் புத்தி சொன்னதே இல்லை, சொன்னாலும் உன் மண்டையில் ஏறாது. இந்த ஒன்றை மட்டும் ஏற்றிக்கொள். செத்தவனுக்கு நீ கொடுக்க வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு இருக்கிறது.

என் பேச்சை நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் நேற்று நானே இறங்கினேன். திட்டாதே, கேள். பாளையத்தையும் அவன் மாமனையும் கூட்டிக்கொண்டு, நீ சந்தைக்குப் போயிருந்த சமயம் உன் தண்டவாளத்தையே எடுத்துக்கொண்டு போனோம். முதலில் நீ முழுகுகிற இடத்தில் முழுகினேன். இடுப்பில் கயிறு, பாளையத்தின் மாமன் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு இருந்த தூரத்தில் பாளையம் அடித்தான். எனக்குக் கேட்டது, இந்தக் கிழட்டுக் காதுக்கே மண்டைக்குள் அடிக்கிற மாதிரி கேட்டது. நீ சொன்னதில் பொய் இல்லை. பிறகு குண்டைப் போட்டுப் போட்டு, முகத்துவாரத்துக்குக் கிழக்கே மணல் இன்னும் போய்ச் சேராத ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தோம். ஆழம் அதேதான், குண்டு அதே கருஞ்சேற்றோடு வந்தது. அதே தூரம், அதே தண்டவாளம், அதே பாளையம். இறங்கினேன். கால் புதைந்தது. காத்திருந்தேன். மூச்சு முட்டுகிற வரைக்கும் காத்திருந்தேன். மேலே வந்து காற்று வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன். மூன்றாவது தடவை மாமன் கயிற்றைப் பிடித்து இழுத்து என்னைப் படகில் போட்டுவிட்டார். போய்ப் பார்த்தால் பாளையத்தின் உள்ளங்கை கொப்புளம் போட்டிருக்கிறது. நான் கீழே இருந்த நேரம் முழுக்க அவன் நிறுத்தாமல் அடித்திருக்கிறான்.

எனக்குச் சத்தம் கேட்டிருந்தால் இதை எழுதியிருப்பாயா என்று கேட்பாய். எழுதியிருப்பேன், பொய்யாக எழுதியிருப்பேன். உன்னைக் கரையேற்ற எந்தப் பொய்யும் எனக்குப் பெரிதில்லை. அது தெரிந்துதான் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிப் போனேன். பாளையத்தின் கையைத் திருப்பிப் பார். அவன் மாமனைக் கேள். அதுவும் போதாது என்றால் நீயே வா, அந்தப் பள்ளத்தில் இறங்கு, நான் அடிக்கிறேன், அந்த ஒரு முழுக்குக்கு மட்டும் நான் சம்மதிக்கிறேன். உன் அண்ணன் என்ன கேட்டான் என்று தெரிந்துகொள்ளத்தானே ஆவணியில் வெடிக்குப் போகிறாய்? நான் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, கன்னியப்பா. தகட்டில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பயம் கிடையாது, தம்பி கூப்பிடவில்லையே என்ற எண்ணம் கிடையாது. அடுத்த மூச்சுக்கு மேலே போகலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு இருந்திருப்பான்.

இதற்கு மேலும் நீ போவாய் என்றால் எனக்குச் செய்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. எந்த நாள் வெடி என்று பாளையம் எனக்குச் சொல்லிவிடுவான், அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். நீ தண்ணீரில் இறங்கினால் நானும் உன் பக்கத்தில் தண்ணீரில்தான் இருப்பேன். உன்னை மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. நம் இரண்டு பேரில் ஒருவராவது உன் அம்மாவுக்கு வேண்டும்.